மூன்றாவது குறிப்பை மட்டும் திருத்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் பாஸ்வேர்டு பாதுகாப்புக்குப் பத்துக் குறிப்புகள் வெளியிட்டிருந்தீர்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் யாராவது சொல்ல வேண்டும் என்று நினைத்து இடம் ஒதுக்கியதற்கு நன்றி. ஒன்பது குறிப்புகளில் எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. மூன்றாவது குறிப்புதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. மாதம் ஒருமுறை எல்லாப் பாஸ்வேர்டையும் கட்டாயம் மாற்ற வேண்டும் என்று அதில் இருந்தது. முன்னுரையில் இன்றைய இளைஞர்களின் அலட்சியம் என்றும் ஒரு வார்த்தை வந்திருந்தது. அதைப் பற்றியும் எனக்குச் சொல்ல இருக்கிறது.

நான் ஒரு கல்லூரியின் கணினி மையத்தில் பதினாறு ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறேன். பாஸ்வேர்டு மறந்தவர்கள் வந்து நிற்கும் மேஜை என்னுடையது. முதலாமாண்டு மாணவி முதல் துறைத் தலைவர் வரை எல்லோரும் ஏதாவது ஒரு நாள் அங்கே வந்திருக்கிறார்கள். பெயர், பதிவு எண், காரணம் என்று மூன்று கட்டம் போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். இப்போது ஏழாவது நோட்டு ஓடுகிறது.

எங்கள் கல்லூரியில் தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றியாக வேண்டும் என்ற விதி, நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது, அதில் ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு குறியீடு இருக்க வேண்டும், கடைசி ஐந்து பாஸ்வேர்டுகளில் ஒன்றாக இருக்கக் கூடாது. மனப்பூர்வமாக நம்பித்தான் செய்தேன். வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னேன். அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். அப்புறம் நடந்ததை என் நோட்டே சொல்லும். கெடு முடியும் வாரங்களில் பக்கங்கள் நிரம்பிக் கிடக்கும். காரணக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை "மறந்துவிட்டது" என்றே இருக்கும்.

மறக்காதவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும், அவர்களே சொல்லியிருக்கிறார்கள். வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி தன் தோழியிடம் சொன்னாள்: "இதைப் போய் ஏன்டி மறக்கற? நான் கடைசில இருக்கற நம்பரை மட்டும் ஒவ்வொண்ணா ஏத்திக்கிட்டே போறேன். இப்ப ஏழு." அந்த வகுப்பில் பலரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. துறையின் சுருக்கப் பெயர், ஓர் அட் குறி, கடைசியில் ஓர் எண். நான் போட்ட எல்லா விதிக்கும் அது பொருந்தியது. பெரிய எழுத்து இருந்தது, குறியீடு இருந்தது, எண் இருந்தது, பழைய ஐந்தில் ஒன்றாகவும் இல்லை. அதே வகுப்பில் படிக்கும் எவரும் ஊகித்துவிடக்கூடியதாகவும் இருந்தது.

அந்தப் பெண்ணை அலட்சியக்காரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் படிப்பில் கெட்டிக்காரி. நாங்கள் கேட்டதை, நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரே வழியில் கொடுத்தாள்.

எங்கள் கல்லூரியில் மட்டும் நடந்ததும் இல்லை இது. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்திலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் விதி இருந்தது. அங்கே பயன்பாட்டில் இல்லாத பழைய கணக்குகளின் பாஸ்வேர்டுகளை எடுத்து ஆய்வாளர்கள் மூவர் சோதித்து, 2010இல் கட்டுரை வெளியிட்டார்கள். 7,700க்கும் மேற்பட்ட கணக்குகள். ஒருவரின் முந்தைய பாஸ்வேர்டு தெரிந்தால் அடுத்ததைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் அவர்கள் கேள்வி. 17 சதவீதக் கணக்குகளில் ஐந்தே முயற்சிக்குள் புதிய பாஸ்வேர்டு கிடைத்துவிட்டது. எண்ணை ஒன்று கூட்டுவது, குறியீட்டை முன்னால் இருந்து பின்னால் நகர்த்துவது என்று மாணவர்கள் செய்ததெல்லாம் அவர்களுடைய நிரலுக்கும் தெரிந்திருந்தது. அந்தக் கட்டுரையைப் பற்றிப் படித்த அன்று என் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்த விதிகள் பரவியதற்கு ஒரு பழைய ஆவணம் முக்கியக் காரணம். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டில் வேலை பார்த்த பில் பர் என்பவர் 2003இல் எழுதியது. உலகம் முழுக்க அலுவலகங்களும் கல்லூரிகளும் அதைப் பின்பற்றின. 2017இல் நிஸ்ட்டே தன் வழிகாட்டுதலை மாற்றிக்கொண்டது. கணக்கு கைமாறியதற்கான அடையாளம் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள், நாள் கணக்கு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள் என்றது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, குறியீடு என்று கலக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம், நீளமாக வைக்க விடுங்கள், ஏற்கெனவே கசிந்த பட்டியலில் இருக்கும் பாஸ்வேர்டை ஏற்காதீர்கள் என்றும் சொன்னது. தான் அன்று எழுதியதில் பெரும்பகுதிக்கு இப்போது வருந்துவதாக, ஓய்வு பெற்றுவிட்ட பில் பர் அதே ஆண்டு ஒரு பத்திரிகையிடம் சொன்னார். நானும் வருந்துகிறேன். அவர் எழுதினார், நான் அமல்படுத்தினேன்.

அலட்சியம் என்ற அந்த வார்த்தைக்கு வருகிறேன். கணினிக்குப் பாஸ்வேர்டு என்ற பழக்கமே ஒரு கல்லூரி வளாகத்தில் தொடங்கியதாகத்தான் சொல்கிறார்கள். 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு ஒரே கணினியைப் பலர் பங்குபோட்டுப் பயன்படுத்தும் ஏற்பாட்டை உருவாக்கியது. ஒருவர் கோப்பை மற்றவர் பார்க்காமல் இருக்க ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைத்தார்கள். 1962லேயே ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர் எல்லோருடைய பாஸ்வேர்டும் இருந்த கோப்பை அச்செடுத்துக்கொண்டார். அவருக்கு ஒதுக்கிய கணினி நேரம் அவருடைய ஆய்வுக்குப் போதவில்லை, அவ்வளவுதான் காரணம். நான்கு ஆண்டு கழித்து, 1966இல், நிர்வாகிகள் பயன்படுத்திய நிரலில் இருந்த கோளாறால் இரண்டு கோப்புகள் இடம் மாறின. உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய பாஸ்வேர்டுகளும் அச்சாகி வந்தன. அறுபது ஆண்டுக்கு முன்பு, உலகின் மிகத் திறமையான கணினி ஆட்கள் சிலர் இருந்த இடத்திலேயே இதெல்லாம் நடந்திருக்கிறது. இன்றைய பிள்ளைகள் தலையில் ஏன் தனியாக ஒரு பழியைப் போட வேண்டும்?

பாஸ்வேர்டு பறிபோவதால் ஒரு மாணவனுக்கு உண்மையில் என்ன ஆகிறது என்று உங்கள் பக்கத்தில் வரவில்லை. அதைச் சொல்ல நினைக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு இறுதியாண்டு மாணவன் ஒருவன் மாலை ஐந்தரை மணிக்கு, நான் அறையைப் பூட்டும் நேரத்தில் வந்து நின்றான். முகம் வெளிறிப்போயிருந்தது. அவன் மெயிலிலிருந்து வகுப்பில் எல்லோருக்கும் பணம் கேட்டுச் செய்தி போயிருந்தது. கல்லூரிக் கணக்கு என்பதால் உடனே பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தேன். தைரியமாகப் போ என்று சொல்லி அனுப்பினேன். மூன்று நாள் கழித்து மறுபடியும் வந்தான். இப்போது அவனுடைய இன்னொரு கணக்கும் போய்விட்டது. ப்ராஜெக்ட் கோப்புகள் எல்லாம் அதில்தான் இருந்தன.

தவறு என்னுடையது. புகுந்தவன் அந்த மெயில் பெட்டிக்குள் ஒரு விதியை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தான். வரும் ஒவ்வொரு கடிதத்தின் நகலும் வேறொரு முகவரிக்குத் தானாகப் போய்க்கொண்டிருந்தது. பூட்டை மாற்றினேனே தவிர அவன் போட்டு வைத்த ஓட்டையை நான் பார்க்கவில்லை. மாணவன் வேறொரு கணக்கில் பாஸ்வேர்டை மாற்றக் கேட்டபோது, அதற்கான இணைப்பு அவனுக்கும் வந்தது, திருடனுக்கும் போனது. அந்தக் கோப்புகளில் பாதியை நண்பர்களிடமிருந்தும் வழிகாட்டி ஆசிரியரின் மெயிலில் இருந்தும் பொறுக்கி எடுத்தோம். மீதியை அவன் இரவெல்லாம் உட்கார்ந்து திரும்ப எழுதினான்.

அன்றிலிருந்து யார் வந்தாலும் பாஸ்வேர்டை மாற்றியதோடு நான் விடுவதில்லை. கூடவே உட்கார வைத்து, கடிதங்களைத் தானாக வேறெங்காவது அனுப்பும் விதி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். மீட்புக்குக் கொடுத்த செல்பேசி எண்ணும் மெயிலும் தங்களுடையதுதானா என்று பார்க்க வேண்டும். எந்தெந்தக் கருவியில் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலைத் திறந்து, தெரியாததை வெளியேற்ற வேண்டும். எப்போதோ அனுமதி கொடுத்த செயலிகளின் பட்டியலையும் பார்க்க வேண்டும். பத்து நிமிடம் ஆகும். வாசகர்கள் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் தங்கள் மெயிலில் ஒருமுறை செய்து பார்த்தால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அவன் பாஸ்வேர்டு முதலில் எப்படிப் போனது? முதலாமாண்டில், பழைய வினாத்தாள்கள் கிடைக்கும் என்று ஏதோ ஒரு சின்னத் தளத்தில் பதிவு செய்திருக்கிறான். கல்லூரி மெயில் முகவரியையும் அதே பாஸ்வேர்டையும் கொடுத்திருக்கிறான். அந்தத் தளத்தின் தகவல் எல்லாம் எப்போதோ வெளியே போய்விட்டது. இப்படிப் போன பட்டியல்களை வாங்கி, அதே மெயில், அதே பாஸ்வேர்டு வேறு எங்கெல்லாம் திறக்கிறது என்று நிரல் வைத்து வரிசையாகத் தட்டிப் பார்க்கிறார்கள். யாரும் அவனைக் குறிவைக்கவில்லை. அவன் பெயர்கூட அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

2009 டிசம்பரில் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகள் திருடுபோயின. எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே எழுதி வைத்திருந்தார்கள். அதில் முதலிடம் பிடித்தது 123456. ஏறக்குறைய 2.9 லட்சம் பேர் அதையே வைத்திருந்தார்கள். திருடர்கள் இன்றும் அந்தப் பட்டியலை வைத்தும் தங்கள் நிரல்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டிராய் ஹன்ட் 2013இல் தொடங்கிய ஹேவ் ஐ பீன் போன்டு என்ற தளத்தில், நம் மெயில் முகவரி எந்தக் கசிவிலாவது இருக்கிறதா என்று இலவசமாகப் பார்க்கலாம். மாணவர்களைப் பார்க்கச் சொன்னால் முதலில் சிரித்துக்கொண்டே தட்டுகிறார்கள். பட்டியல் வந்ததும் வகுப்பு அமைதியாகிவிடுகிறது.

அதனால் மாதாமாதம் மாற்றுவதைவிட ஆயிரம் மடங்கு முக்கியம், ஒரே பாஸ்வேர்டை இரண்டு இடத்தில் வைக்காமல் இருப்பது. இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: "நாற்பது கணக்கு இருக்கு மேடம், நாற்பதையும் எப்படி ஞாபகம் வைக்கிறது?" நியாயமான கேள்வி. முடியாது. முயற்சி செய்யவும் வேண்டாம். இரண்டு மூன்றை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். மெயிலுக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று, எல்லாப் பாஸ்வேர்டையும் பூட்டி வைக்கும் செயலியான பாஸ்வேர்டு மேனேஜருக்கு ஒன்று. மற்றதையெல்லாம் அந்த மேனேஜர் உருவாக்கட்டும், அதுவே நினைவில் வைத்துக்கொள்ளட்டும். கீபாஸ், பிட்வார்டன் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. செல்பேசியிலும் ப்ரௌசரிலும் உள்ளேயே இருக்கும் வசதியும் பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

எல்லாச் சாவியையும் ஒரே பெட்டியில் வைப்பதா என்று எங்கள் ஆங்கிலத் துறைப் பேராசிரியர் ஒருவர் கேட்டார். பயப்பட வேண்டிய விஷயம்தான். 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு மேனேஜர் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டிகளின் நகல்களே திருடப்பட்டன. பெட்டிக்குள் இருந்த பாஸ்வேர்டுகள் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டிருந்தன, ஆனால் பெட்டியைத் திறக்கும் முதன்மைப் பாஸ்வேர்டைச் சின்னதாக வைத்திருந்தவர்களுக்கு அந்த மறைப்பும் பெரிய காவல் இல்லை. பெட்டியின் பூட்டு நீளமாக இருக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கணினியே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு நோட்டில் எழுதி வீட்டு அலமாரியில் வைக்கச் சொல்கிறேன். எங்கள் அலுவலகத்தில் மூத்த ஊழியர் ஒருவர் அப்படித்தான் வைத்திருக்கிறார். எங்கோ உட்கார்ந்து பட்டியலைத் தட்டிப் பார்ப்பவனால் அவர் அலமாரியைத் திறக்க முடியாது. மானிட்டரில் ஒட்டி வைப்பதுதான் கூடாது. ஒரு துறையில் குழுப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். பின்னால் இருந்த திரையின் ஓரத்தில், துறைக் கணக்கின் பாஸ்வேர்டு எழுதிய மஞ்சள் தாள் தெளிவாகத் தெரிந்தது.

மனப்பாடம் செய்யும் அந்த இரண்டு மூன்றும் எப்படி இருக்க வேண்டும்? ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு ஐந்து சொற்கள், இடைவெளியோடு. விசிறி ஆமை தச்சன் மழலை என்று ஆங்கில எழுத்தில் தட்டினாலே இருபது எழுத்தைத் தாண்டிவிடும். (பத்திரிகையில் வந்துவிட்டதால் இதையே யாரும் வைத்துக்கொள்ள வேண்டாம்.) சொற்களை நாமே யோசித்து எடுத்தால் பிடித்த சொல், தெரிந்த சொல்தான் வரும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு அகராதியைப் பிரித்து விரல் வைத்த இடத்தில் இருப்பதை எடுக்கச் சொல்கிறேன். பகடை உருட்டியும் எடுக்கலாம். டைஸ்வேர் என்று ஆர்னால்ட் ரெய்ன்ஹோல்ட் 1995இல் வெளியிட்ட முறை அது. ஐந்து பகடைகளில் விழும் எண்களுக்கு ஒரு சொல் வீதம் 7,776 சொற்கள் கொண்ட பட்டியல். நான்கு சொல் எடுத்தால் 36 கோடி கோடிக்கும் மேல் சேர்க்கைகள் வரும். சிறிய எழுத்து மட்டும் உள்ள எட்டெழுத்துப் பாஸ்வேர்டுக்கு ஏறக்குறைய 20,900 கோடிதான். பதினேழாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம், அதுவும் நினைவில் நிற்கிறது. எல்லோருக்கும் தெரிந்த செய்யுள் அடியோ, பாட்டு வரியோ, பழமொழியோ வேண்டாம். அவையும் திருடர்களின் பட்டியல்களில் இருக்கும்.

நீளமான பாஸ்வேர்டையும் நாமே ஒரு போலிப் பக்கத்தில் தட்டிக் கொடுத்துவிட்டால் என்ன பயன் என்று கேட்கலாம். கல்லூரிகளில் நான் அதிகம் பார்ப்பது அதைத்தான். "உங்கள் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, இன்று மாலைக்குள் உறுதி செய்யாவிட்டால் கணக்கு மூடப்படும்" என்று கடிதம் வரும். அனுப்பியவர் பெயரைப் பார்த்தால் நம் கல்லூரி மாணவர், உண்மையான முகவரி. அவர் ஏற்கெனவே ஏமாந்துவிட்டார், அவர் கணக்கிலிருந்து மற்றவர்களுக்குப் போகிறது. வெளியாள் அனுப்பினால் சந்தேகப்படுகிறவர்கள் வகுப்புத் தோழன் அனுப்பினால் திறந்துவிடுகிறார்கள். இங்கேயும் பாஸ்வேர்டு மேனேஜர் உதவுகிறது. போலிப் பக்கம் கண்ணுக்கு அச்சாக ஒரே மாதிரி இருந்தாலும் முகவரி வேறு, அதனால் மேனேஜர் பாஸ்வேர்டைத் தானாக நிரப்பாது. வழக்கமாக நிரப்புவது இன்று நிரப்பவில்லையே என்று தோன்றினால், கையை எடுத்துவிட்டு முகவரியைப் பாருங்கள்.

அப்புறம், இரண்டாவது படி. பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சோதனை. கூகுள் 2019இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மீட்பு எண்ணுக்கு எஸ்எம்எஸ்ஸில் வரும் குறியீடே தானியங்கி நிரல்களின் முயற்சிகளை முழுவதும், மொத்தமாக அனுப்பும் ஏமாற்றுக் கடிதங்களை 96 சதவீதமும் தடுத்தது. ஒருவரைத் தனியாகக் குறிவைத்த தாக்குதல்களில் மட்டும் அது 76 சதவீதமாக இறங்கியது. அந்தக் குறியீட்டையும் பேசிப் பேசி வாங்கிவிடுகிறார்கள் என்பதுதான் காரணம். செல்பேசிச் செயலியில் முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும் எண் இன்னும் கொஞ்சம் மேல், ஆனால் அதையும் போலிப் பக்கத்தில் தட்டிவிட முடியும். பாஸ்கீ என்று இப்போது வருவது இதற்கெல்லாம் மேல். 2022இல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஆதரவு தருவதாக அறிவித்தன. ரகசியச் சாவி உங்கள் கருவியிலோ, நீங்கள் சாவிகளைச் சேமிக்கும் கணக்கிலோ பூட்டி இருக்கும். தளத்திடம் அதற்கு இணையான பொதுச் சாவி மட்டும்தான் இருக்கும், அதை வைத்து யாரும் உள்ளே நுழைய முடியாது. விரல் ரேகையையோ முகத்தையோ காட்டித் திறக்கிறீர்கள். தட்ட எதுவும் இல்லாததால் போலிப் பக்கத்தில் தட்டிக் கொடுக்கவும் எதுவும் இல்லை. உங்கள் மெயிலில் அந்த வசதி இருந்தால் இன்றே போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது படியைப் போடும்போது கூடவே பேக்கப் குறியீடுகள் என்று சில எண்களைக் கொடுப்பார்கள். பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். செல்பேசி தொலைந்தாலோ உடைந்தாலோ அந்த எண்கள்தான் உள்ளே போக வழி. அச்செடுத்துச் சான்றிதழ்கள் வைத்திருக்கும் ஃபைலில் வைத்துவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே செல்பேசியில் வைத்துக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். செல்பேசியோடு அதுவும் போயிருந்தது.

கல்லூரிக்கென்றே உள்ள இன்னொரு விஷயம். இதை எந்தக் குறிப்பிலும் நான் பார்த்ததில்லை. படிப்பு முடிந்து சில மாதங்களில் பல கல்லூரிகள் மாணவர் மெயிலை மூடிவிடும். மூன்று ஆண்டுகளாக அந்த மெயிலை வைத்துத்தான் வேலை தேடும் தளங்கள், மேற்படிப்பு விண்ணப்பங்கள், சொந்த மெயிலின் மீட்பு முகவரி எல்லாம் பதிவு செய்திருப்பார்கள். மூடிய பிறகு எங்காவது பாஸ்வேர்டு மறந்தால், மாற்றும் இணைப்பு அந்த இல்லாத மெயிலுக்குப் போகும். போன ஆண்டு ஒரு பெண், வேலைக்குச் சேரும் கடிதம் அந்த மெயிலுக்கு வந்திருக்கலாம் என்று அழுதுகொண்டே போன் செய்தாள். விதிப்படி கணக்கு நீக்கப்பட்டு விட்டது, என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இறுதியாண்டின் கடைசிப் பருவம் தொடங்கியதும் எல்லா இடத்திலும் சொந்த மெயிலுக்கு மாற்றிவிடுங்கள். கோப்புகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரிகள் இதை விடைபெறும் விழா அழைப்போடு சேர்த்தாவது அறிவிக்க வேண்டும்.

லேப் கணினிகளைப் பற்றி ஒரு வரி போதும்: ப்ரௌசர் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, எழுந்திருக்கும் முன் லாக்அவுட் செய்யுங்கள். தினமும் மாலை நாற்பது கணினிகளையும் சுற்றி வருகிறேன். நான்கைந்து மெயில் திறந்தபடியே இருக்கும். படிக்காமல் மூடிவிட்டு வருகிறேன்.

கடைசியாக இரண்டு பழக்கங்கள். முதலாவது, பாசத்தால் கொடுப்பது. "என் மேல நம்பிக்கை இல்லையா" என்று கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். பிரிந்த பிறகு என் மேஜைக்கு வருகிறார்கள். ஆசிரியர்களும் விதிவிலக்கு இல்லை. மதிப்பெண் பதிவேற்ற நேரம் இல்லை என்று ஆய்வு மாணவரிடம் தங்கள் பாஸ்வேர்டைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பின்னால் ஒரு மதிப்பெண் மாறியிருந்தால் யார் மாற்றியது என்று எப்படிச் சொல்வது? சந்தேகம் அந்த ஆய்வு மாணவர் மேல்தான் விழும். அவருக்கென்று தனியாக ஓர் அனுமதி கேட்டால் நான் அன்றே போட்டுக் கொடுத்துவிடுவேன்.

இரண்டாவது, பயத்தால் மறைப்பது. எனக்கு அதிகம் வலிப்பது இதுதான். முதலாமாண்டு மாணவி ஒருத்தி ஒரு போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டைத் தட்டிவிட்டு, அடுத்த நிமிடமே அது போலி என்று தெரிந்தும், இரண்டு நாள் என்னிடம் சொல்லவில்லை. திட்டுவார்கள், வீட்டுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று பயம். அந்த இரண்டு நாளில் அவள் கணக்கிலிருந்து துறை முழுவதற்கும் கடிதம் போய்விட்டது. உடனே வந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அவளை நான் குறை சொல்லவில்லை. அதற்கு முந்தைய மாதம்தான் இதேபோல் ஏமாந்த ஒரு மாணவனை வகுப்பில் எழுப்பி நிற்க வைத்துப் பேசியிருந்தார்கள். அதை அவள் பார்த்திருக்கிறாள். ஏமாந்ததைச் சொல்ல வருபவர்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று ஒவ்வொரு கல்லூரியும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். இப்போது என் மேஜையில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன்: "தவறாகத் தட்டிவிட்டீர்களா? வரிசையில் நிற்க வேண்டாம், நேராக வாருங்கள்." வருகிறார்கள்.

எங்கள் கல்லூரியில் தொண்ணூறு நாள் விதி இன்னும் இருக்கிறது. அதை நீக்கி, பாஸ்வேர்டின் குறைந்தபட்ச நீளத்தைக் கூட்டி, எல்லோருக்கும் இரண்டாவது படியைக் கட்டாயமாக்கும்படி நிர்வாகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பத்திரிகையை எங்கள் முதல்வர் தினமும் படிக்கிறவர். மூன்றாவது குறிப்பை மட்டும் திருத்தி, அதே மாணவர் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாக நீங்கள் வெளியிட்டால், அதைக் கத்தரித்து என் விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
கணினி மைய உதவியாளர்,
ஒரு கலை அறிவியல் கல்லூரி